தகடு தட்டுவோம் வாங்க: வாசகர் கேள்வி பதில்

செம்பு, பித்தளை தகட்டை கையால தட்டி கிண்ணம், குவளைன்னு உருவம் கொண்டு வர்ற வேலையை பத்தி போன இதழ்ல கொஞ்சம் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே ரகம். தகடு கிழியுது, தகடு நெளியுது, தகடு அசையவே மாட்டேங்குது. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து பதில் சொல்லிருக்கேன், உங்க கேள்வி அப்படியே வரலேன்னா கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: சார், எனக்கு இதுல அனுபவமே கிடையாது. ஒரு சின்ன கிண்ணம் தட்டி பழகணும்னு ஆசை. செம்புல ஆரம்பிக்கவா, பித்தளையில ஆரம்பிக்கவா? எந்த கனத்துல தகடு வாங்கறது?

செம்பு தான், யோசிக்கவே வேணாம். பித்தளை பார்க்க தங்கம் மாதிரி இருக்கு, ஆசையா தான் இருக்கும், ஆனா சீக்கிரம் இறுகிப்போகும், சூடு போடும்போது கவனம் ஜாஸ்தி வேணும். செம்புல கோணலா போனாலும் சூடு போட்டு திரும்ப தட்டி வழிக்கு கொண்டு வந்துடலாம்.

கனம் 0.9 மில்லிமீட்டர்ல இருந்து 1 மில்லிமீட்டர் வரைக்கும் பாருங்க. மெல்லிசா இருந்தா சுலபம்னு நிறைய பேர் 0.5 வாங்கிடறாங்க, அது தான் கஷ்டம், தொட்டதுக்கெல்லாம் மடிப்பு விழும், ரெண்டு தடவை ஒரே இடத்துல அடி விழுந்தா அந்த இடம் காகிதமா போயிடும். 1.5க்கு மேல போனா கை வலிதான் மிச்சம். அப்புறம் கேஜ் நம்பர் (தகடு கனத்தை குறிக்கிற எண்) சொல்லி வாங்காதீங்க, ஏன்னா அதுல ரெண்டு கணக்கு ஓடுது, பிரிட்டிஷ் கணக்குல 20 கேஜ்னா 0.91 மில்லிமீட்டர், அமெரிக்க கணக்குல அதே 20 கேஜ் 0.81 தான், 18 கேஜ்லயும் இதே கூத்து, ஒண்ணு 1.22, இன்னொண்ணு 1.02. மில்லிமீட்டர்லயே கேளுங்க, முடிஞ்சா கையில ஒரு காலிப்பர் வெச்சு அளந்தே வாங்குங்க.

பழைய மின்சார வேலையில கழிச்ச செம்பு பட்டையை தட்டலாமான்னும் ஒருத்தர் கேட்டிருக்கார். தட்டலாம், ஆனா அதுல ரொம்ப சின்ன அளவுல ஆக்சிஜன் கலந்திருக்கும், காத்து பத்தாத புகை ஜுவாலையில ரொம்ப நேரம் சிவக்க வெச்சா ஜுவாலையில இருக்கிற ஹைட்ரஜன் உள்ள போய் அந்த ஆக்சிஜனோட சேர்ந்து நீராவியாகி உள்ளயே பிளந்து விட்டுடும். வெளியில ஒண்ணும் தெரியாது, தட்டும்போது பொருபொருன்னு உடையும். கூரை வேலை, குழாய் வேலைக்குன்னு வர்ற பாஸ்பரஸ் கலந்த செம்புல இந்த தொல்லை இல்ல.

பித்தளைக்கு போகும்போது 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம் உள்ளது கிடைச்சா ரொம்ப நல்லது, 63க்கு 37 இருந்தாலும் ஓடும். லேத்துல கடையறதுக்கும் எழுத்து வெட்டறதுக்கும்னு விக்கிற பித்தளையில காரீயம் கலந்திருப்பாங்க, சில ரகத்துல 3 சதவீதம் வரைக்கும். அது மெஷினுக்கு சுகம், சுத்தியலுக்கு எமன். அதை மட்டும் வாங்கிடாதீங்க.

கேள்வி: ஐயா, செம்பு கிண்ணம் நல்லா தான் வந்துட்டு இருந்துச்சு, திடீர்னு விளிம்புல ஒரு விரல் நீளத்துக்கு கிழிஞ்சுடுச்சு. அடி பலமா போட்டுட்டேனா? இதை காப்பாத்த முடியுமா?

பலமா அடிச்சதால இல்ல, சூடு போடாம அடிச்சதால. எனக்கு வந்த கேள்விகள்ல முக்கால்வாசிக்கு இது ஒண்ணு தான் பதில், அதனால இதை கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன்.

செம்பு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறுகிட்டே போகும். தகடு வளையுதுன்னா உள்ள இருக்கிற அணு அடுக்குகள் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிட்டு நகருதுன்னு அர்த்தம், அடிக்க அடிக்க அந்த அடுக்குகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு நகர இடமில்லாம போயிடும். அதுக்கு அப்புறமும் நீங்க அடிச்சா நகர முடியாத உலோகம் பிளக்கத்தான் செய்யும், பிளக்கறது எப்பவும் விளிம்புல தான் ஆரம்பிக்கும். இதை சரி பண்ண ஒரே வழி சூடு போட்டு இளக்கறது, அனீலிங்னு சொல்வாங்க. சூட்டுல உள்ள சிக்கின படிகம் எல்லாம் புதுசா உருவாகி பழைய மெதுமை திரும்ப வந்துடும். எத்தனை தடவை வேணாலும் பண்ணலாம், தகடுக்கு வலிக்காது.

எப்போ சூடு போடணும்னு தகடே சொல்லும். மெதுவா இருக்கிற செம்பை அடிச்சா தொப் தொப்புன்னு ஒரு செத்த சத்தம் வரும், இறுக இறுக அது ணங் ணங்னு மாறும். சுத்தியல் கையில எகிறும். அதே அடிக்கு முன்ன நகர்ந்த தூரம் இப்போ நகராது. விளிம்பை கட்டைவிரலால அழுத்தி விட்டா வளைஞ்சபடி நிக்காம டக்குனு திரும்பி வரும். இதுல ஏதாவது ஒண்ணு தெரிஞ்சாலே சுத்தியலை கீழ வெச்சுடுங்க. "இன்னும் ஒரு சுத்து அடிச்சுட்டு போடலாம்"னு நினைக்கிற அந்த ஒரு சுத்துல தான் கிழியும்.

சூடு போடற முறை: வெளிச்சம் கம்மியான இடமா பாருங்க, வெயில்ல நின்னு போட்டா செம்பு எவ்ளோ சிவந்திருக்குன்னு கண்ணுக்கு தெரியாது, ஓவரா போயிடும். ஜுவாலையை ஒரே இடத்துல நிறுத்தாம சுத்திக்கிட்டே இருங்க. முதல்ல வானவில் மாதிரி நிறம் ஓடும், அப்புறம் கருத்துடும், அப்புறம் அந்த கருப்புக்குள்ள இருந்து லேசா ஒரு மங்கின சிவப்பு தலைகாட்டும். அங்க தான் நிறுத்தணும். 400ல இருந்து 650 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போதும் செம்புக்கு, மங்கின சிவப்பு அந்த எல்லையோட மேல் பக்கத்துல வரும். செம்பு உருகறது 1085 டிகிரியில, அதனால உருகிடுமோன்னு பயப்பட வேணாம், ஆனா பளிச்னு ஆரஞ்சு வரைக்கும் கொண்டு போனா படிகம் எல்லாம் பெருசாகி அடுத்து தட்டும்போது மேல்பரப்பு சொரசொரன்னு ஆகும்.

சிவப்பு வந்ததும் தண்ணியில போட்டுடலாம். இரும்பு வேலை பழகினவங்க இங்க தான் பதறுவாங்க, தண்ணியில போட்டா இறுகிடாதான்னு. செம்பு இறுகாது. தானா ஆறினாலும் தண்ணியில போட்டாலும் மெதுமை ஒண்ணு தான், தண்ணியில போட்டா நேரம் மிச்சம், மேல ஒட்டியிருக்கிற கருப்பு செதிலும் பாதி உதிர்ந்துடும். இடுக்கியால பிடிச்சு சாய்வா இறக்குங்க, ஆவி முகத்துக்கு வரும்.

"எவ்ளோ நேரம் காட்டினாலும் சிவக்கவே மாட்டேங்குது"ன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. பென்சில் சைஸ் டார்ச்சை வெச்சுக்கிட்டு ஒரு சாண் அகல செம்பு வட்டத்தை சிவக்க வைக்க முடியாது, செம்பு சூட்டை அவ்ளோ வேகமா கடத்தி மொத்தமும் வெளிய விட்டுடும். பெரிய வாய் உள்ள கேஸ் டார்ச் வேணும், சுத்தி நாலு தீச்செங்கல் அடுக்கி அந்த அணைப்புக்குள்ள வெச்சு காட்டுங்க, சூடு வெளிய ஓடாது.

இப்போ உங்க கிழிஞ்ச கிண்ணம். விரல் நீளம்னா ரெண்டு வழி. கிழிசல் முடியற நுனியில 2 மில்லிமீட்டர் துளை போட்டா அது மேல ஓடாம நிக்கும், அப்புறம் வெள்ளி பத்தாசு (உருக்கி ஒட்டற வெள்ளி கலவை) வெச்சு ஒட்டிக்கலாம். இல்லேன்னா கிழிசல் வரைக்கும் விளிம்பை சுத்தி வெட்டிட்டு குட்டை கிண்ணமா முடிச்சுடுங்க. முதல் கிண்ணத்துக்கு நான் ரெண்டாவதை தான் சொல்வேன். அடுத்த தடவை தகடை வட்டமா வெட்டினதும் விளிம்பு முழுக்க அரம் போட்டு ராவி, உப்புத்தாள் வெச்சு வழவழன்னு ஆக்கிட்டு தான் சுத்தியலை எடுக்கணும். கத்திரி விட்டுட்டு போற அந்த சின்ன பல்லு பல்லான தடத்துல இருந்து தான் எல்லா கிழிசலும் ஆரம்பிக்குது.

கேள்வி: பித்தளைக்கும் இதே மாதிரி தானா சூடு போடணும்?

அடிப்படை அதே தான், மூணு இடத்துல மட்டும் மாறும். பித்தளை சூட்டை கடத்தறது செம்புல மூணுல ஒரு பங்கு கூட இல்ல, அதனால ஜுவாலை பட்ட இடம் மட்டும் குபுக்குனு சூடேறி பக்கத்து இடம் சூடேறாமலே இருக்கும், டார்ச்சை இன்னும் சீரா சுத்தணும். ரெண்டாவது, மங்கின சிவப்பு தெரிய ஆரம்பிக்கும்போதே நிறுத்திடுங்க. 70க்கு 30 பித்தளை 915 டிகிரியை ஒட்டியே உருக ஆரம்பிச்சுடும், துத்தநாகம் கொதிக்கறது 907 டிகிரி, வெள்ளையா புகை வந்துச்சுன்னா துத்தநாகம் ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்த புகையை இழுத்தா அன்னிக்கு ராத்திரி காய்ச்சல், குளிர், உடம்பு வலின்னு படுத்திடும். மூணாவது, சிவந்து இருக்கும்போது பித்தளைக்கு தெம்பு கிடையாது. இடுக்கியால தூக்கினாலே வளையும், அப்படியே தண்ணியில போட்டா விரிசல் விடலாம். சிவப்பு மறைஞ்சு கருப்பா ஆகற வரைக்கும் தொடாம விட்டுட்டு அப்புறம் தண்ணி.

கேள்வி: அண்ணா, வீடியோல பார்த்தா ஒவ்வொருத்தரும் சுவர் முழுக்க சுத்தியல் மாட்டி வெச்சிருக்காங்க. நான் எதை எதை வாங்கணும்? பட்ஜெட் கம்மி.

அந்த சுவரை பார்த்து பயந்தா யாருமே ஆரம்பிக்க முடியாது தம்பி. முதல் வருஷத்துக்கு மூணு சுத்தியல் தாராளம். ஒண்ணு பால்பீன் சுத்தியல், உருண்டை தலை உள்ளது, குழி பண்ண. ஒண்ணு மரத்துலயோ நைலான்லயோ ஒரு கொட்டாப்புளி, நெளிசலை எடுக்க, இது தகட்டை நீட்டாம வளைக்கும், அது தான் இதோட பெருமை. மூணாவது தட்டையா லேசா மேடு தட்டின முகம் உள்ள சுத்தியல், கடைசியில வழவழப்பு கொடுக்க.

வாங்கிட்டு வந்த சுத்தியலை அப்படியே உபயோகிக்காதீங்க. முகத்துல இருக்கிற கூர் விளிம்பை அரம் போட்டு உருட்டிடுங்க, அப்புறம் உப்புத்தாள்ல 120, 240, 400, 800னு வரிசையா இறங்கி கடைசியில பாலிஷ் பசை வெச்சு முகம் தெரியற அளவுக்கு தேய்ங்க. சுத்தியல் முகத்துல ஒரு கீறல் இருந்தா அது ஒவ்வொரு அடிக்கும் தகட்டுல அச்சாகும், ஆயிரம் அடி அடிச்சா ஆயிரம் கீறல். இந்த சுத்தியலால ஆணி அடிக்கிறவங்க கையில கொடுக்கவே கொடுக்காதீங்க.

கீழ வைக்கிறதுக்கு ஒரு மரக்கட்டை, நரம்பு செங்குத்தா நிக்கற மாதிரி வெட்டினது, மேல உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி தோண்டிக்கோங்க. கெட்டியான தோல்லயோ கேன்வாஸ்லயோ ஒரு பை தைச்சு மணல் நிரப்பினா அதுவும் குழிக்கு உதவும். உள்ள விட்டு தாங்கற இரும்பு, ஸ்டேக்னு சொல்வாங்க, அதை புதுசா வாங்கினா காசு எகிறும். வண்டிக்கு பின்னாடி டிரெய்லர் மாட்டற உருண்டை, பெரிய பேரிங் குண்டு, கனமான இரும்பு குழாய் துண்டு, தண்டவாளத்துல வெட்டின துண்டு, இதெல்லாம் பழைய இரும்புல கிடைச்சா எடுத்து மெருகேத்தி வெச்சுக்கோங்க. வைஸ்ல இறுக்கி பிடிச்சா போதும், ஆடக்கூடாது, அவ்ளோ தான் விஷயம். ஆடற ஸ்டேக் மேல அடிச்சா பாதி அடி வீணா போகும்.

கேள்வி: குழி தட்டறதுக்கும் எழுப்பறதுக்கும் என்ன வித்தியாசம்? எனக்கு கிண்ணம் ஆழமா வர மாட்டேங்குது, நடுவுல மட்டும் தகடு ரொம்ப மெல்லிசா ஆயிடுது.

நீங்க பண்றது குழி தட்டறது, அதுல ஆழத்துக்கு ஒரு எல்லை இருக்கு. உள் பக்கத்துல இருந்து அடிச்சு கீழ தள்ளும்போது உலோகம் நீளுது, நீண்டா மெலியத்தான் செய்யும். தட்டு, ஆழமில்லாத கிண்ணம் எல்லாம் இதுலயே முடிச்சுக்கலாம். நீங்க நடுவுலயே குத்திட்டு இருக்கீங்கன்னு நினைக்கிறேன், அதனால தான் நடுவு மட்டும் மெலியுது. விளிம்புல இருந்து ஒரு விரல் உள்ள தள்ளி ஆரம்பிச்சு சுத்தி சுத்தி நடுவை நோக்கி வாங்க, சுத்தியல் ஒரே இடத்துல விழணும், தகடை மட்டும் இடது கையால திருப்பிட்டே இருக்கணும். ஒரு சுத்து முடிஞ்சதும் விளிம்புல விழுந்த நெளிசலை கொட்டாப்புளியால எடுத்துட்டு, சூடு போட்டுட்டு அடுத்த சுத்து.

குவளை, சொம்பு மாதிரி ஆழமா வேணும்னா எழுப்பற முறைக்கு வரணும். இதுல அடி வெளிப்பக்கத்துல விழும், தகடு நீளாது, சுருங்கும். நெட்டுக்குத்தா நிக்கற சுவரை ஒரு தட்டையான வட்டத்துல இருந்து எடுக்கறோம்னா சுத்தளவு குறைஞ்சாகணும் இல்லையா, அந்த மிச்ச உலோகம் எங்கயாவது போகணும், அது கனமா மாறி உள்ளயே அடங்கிடும். நல்லா எழுப்பின குவளையோட விளிம்பு ஆரம்ப தகட்டை விட கனமா இருக்கும்.

கிட்டக்க பார்த்தா இப்படி நடக்கும். பென்சில் காம்பஸால அடிப்பாகத்துக்கு ஒரு வட்டம் போட்டுக்கோங்க, அதுக்கு வெளிய விரல் கனத்துக்கு ஒண்ணுன்னு விளிம்பு வரைக்கும் வட்டங்கள். அந்த முதல் வட்டம் ஸ்டேக்கோட மூக்குல படற மாதிரி தகட்டை சாய்ச்சு பிடிங்க, தகடுக்கும் இரும்புக்கும் நடுவுல கொஞ்சம் சந்து தெரியும். அடி, தகடு இரும்பை தொடற இடத்துக்கு அரை விரல் தள்ளி விளிம்பு பக்கமா, அந்த சந்து மேல விழணும். விழுந்ததும் அந்த இடம் கீழ போய் இரும்பை தொடும், தொடற இடம் இப்போ ஒரு அடி முன்னாடி நகர்ந்துடுச்சு. தகட்டை கொஞ்சம் திருப்பி அடுத்த அடி, முந்தின அடியோட பாதி மேல ஏறின மாதிரி. ஒரு வட்டம் முடிச்சு அடுத்த வட்டம். தொடற இடத்துலயே நேரா அடிச்சா சுத்தியலுக்கும் இரும்புக்கும் நடுவுல தகடு நசுங்கி மெலியும், ரொம்ப தள்ளி அடிச்சா பாவாடை கொசுவம் மாதிரி மடிப்பு விழும். மடிப்பு விழுந்தா அதை அப்பவே மேல இருந்து மெதுவா தட்டி பிரிச்சுடுங்க, மடிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு படுத்துட்டா அது மேல அடிச்சு அமுக்கவே கூடாது, உள்ள விரிசலா தான் முடியும்.

விளிம்பு வரைக்கும் ஒரு முறை போயிட்டு வந்தா சூடு போடணும். ஒரு குவளைக்கு இப்படி பத்து தடவைக்கு மேலயும் ஆகும். பொறுமை இல்லாதவங்க இங்க கழண்டுக்குவாங்க, பரவாயில்ல, குழி தட்டறதுலயே அழகான சாமான் எத்தனையோ பண்ணலாம்.

கேள்வி: எவ்ளோ பெரிய வட்டம் வெட்டணும்னு கணக்கு சொல்லுங்களேன்.

தகட்டோட பரப்பு மாறாதுன்னு வெச்சு போடற கணக்கு. கிண்ணத்துக்கு, வாய் அகலத்தை அதாலயே பெருக்குங்க, ஆழத்தை அதாலயே பெருக்கி இன்னும் நாலால பெருக்குங்க, ரெண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்க. 12 செ.மீ. வாய், 4 செ.மீ. ஆழம்னா 144 கூட்டல் 64, மொத்தம் 208, வட்டம் 14.4 செ.மீ. நேர் சுவர் குவளைக்கு அகலத்தோட வர்க்கம், அதோட அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி நாலு மடங்கு. 8 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம்னா 64 கூட்டல் 320, வட்டம் 19.6 செ.மீ. வரும். குழி தட்டும்போது தகடு நீளறதால கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம், ஆனா ஆரம்பத்துல வேணாம், மிச்சம் இருந்தா வெட்டிக்கலாம்.

கேள்வி: சூடு போட்டதும் கருப்பா ஆயிடுது, அமிலத்துல போட்டு எடுத்தா பித்தளை ரோஸ் கலரா வருது. என்ன தப்பு?

ரோஸ் கலர் வந்தது செம்பு. அமிலத்துல இரும்பு இடுக்கியை விட்டீங்களா? இரும்பு உள்ள போனா கரைசல்ல ஏற்கனவே கரைஞ்சிருக்கிற செம்பு எல்லாம் வந்து உங்க சாமான் மேல படிஞ்சுடும். மரம், பிளாஸ்டிக், இல்ல செம்பு இடுக்கி தான் உபயோகிக்கணும், சாமானை கட்டின கம்பி கூட இரும்பா இருக்கக்கூடாது. இரும்பே படலேன்னா ஓவர் சூடு, மேல இருந்த துத்தநாகம் மட்டும் போயி செம்பு தனியா நிக்குது. லேசா இருந்தா தேய்ச்சாலே போயிடும், இல்லேன்னா அமிலத்துல கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு ஒரு தடவை முக்கி எடுங்க.

கந்தக அமிலம் வேணாமே, சிட்ரிக் அமிலம் போதும், வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சா கொஞ்சம் மெதுவா வேலை செய்யும் ஆனா கண்ணு பத்திரம். கந்தக அமிலம் தான்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு, தண்ணியில தான் அமிலத்தை ஊத்தணும், அமிலத்துல தண்ணியை ஊத்தினா கொதிச்சு முகத்துல அடிக்கும். சிவக்க இருக்கிற சாமானை நேரா அமிலத்துல போடறதும் அதே ஆபத்து. அந்த கருப்பை எடுக்காம அடுத்த சுத்து அடிச்சா செதில் எல்லாம் உலோகத்துக்குள்ள பதிஞ்சுடும், அப்புறம் எந்த பாலிஷுக்கும் போகாது.

கேள்வி: பித்தளை தட்டு ஒண்ணு பண்ணி அலமாரியில வெச்சிருந்தேன். யாருமே தொடல. சில மாசம் கழிச்சு பார்த்தா விளிம்புல நீளமா விரிசல். இது எப்படி சாத்தியம்?

சாத்தியம் தான், இதுக்கு பெரிய சரித்திரமே இருக்கு. 19-ஆம் நூற்றாண்டுல இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தோட பித்தளை தோட்டா உறைகள் மழைக்காலத்துல சும்மா வெச்ச இடத்துலயே விரிசல் விட்டுட்டு இருந்துச்சு. பருவத்துக்கு வர்ற விரிசல்ங்கிற அர்த்தத்துல சீசன் கிராக்கிங்னே பேர் வெச்சுட்டாங்க. 1921ல தான் காரணம் தெளிவாச்சு. தோட்டாவை குதிரை லாயத்துல வெச்சிருந்தாங்க, குதிரை மூத்திரத்துல இருந்து அம்மோனியா, காத்துல ஈரம், உறையை இழுத்து உருவாக்கும்போது உள்ள தங்கிட்ட இறுக்கம், மூணும் சேர்ந்து பிளந்துருக்கு.

உங்க தட்டுலயும் அடிச்ச இறுக்கம் அப்படியே உள்ள இருந்திருக்கு. பக்கத்துல உரம், கால்நடை கொட்டகை, அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவம் ஏதாவது இருந்துச்சான்னு பாருங்க. மருந்து சிம்பிள், வேலை எல்லாம் முடிஞ்சதும் 250 டிகிரியில அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் ஓவன் அடுப்புல வெச்சு எடுத்துடுங்க. உள் இறுக்கம் இறங்கிடும், ஆனா மெதுவாகற அளவுக்கு சூடு இல்லாததால தட்டோட உறுதி அப்படியே நிக்கும். சுத்தமான செம்புக்கு இந்த வியாதி அனேகமா வராது, துத்தநாகம் 15 சதவீதத்துக்கு மேல போக போக தான் ஜாஸ்தி.

கேள்வி: கடைசியில சுத்தியல் தடம் எல்லாம் தாறுமாறா தெரியுது. வழவழப்பா எப்படி கொண்டு வர்றது?

கடைசி சூடு போட்டு, அமிலத்துல சுத்தம் பண்ணி, கிண்ணத்தோட வளைவை விட ஒரு சுத்து சின்ன வளைவு உள்ள ஸ்டேக் மேல கவிழ்த்து வையுங்க. மெருகேத்தின சுத்தியலால லேசா, தூக்கி போட்ட மாதிரி அடி, கையால அழுத்தம் கொடுக்காதீங்க, சுத்தியல் எடையே போதும். அடியில நடுவுல ஆரம்பிச்சு சுருள் சுருளா வெளிய வாங்க. காதை வெச்சுக்கோங்க, தகடு இரும்பை தொட்டுட்டு இருக்கிற இடத்துல அடி விழுந்தா கெட்டியா டிக்னு கேக்கும், தொடாத இடத்துல விழுந்தா பொள்ளலா ஒரு சத்தம், உடனே சொட்டை விழும். எங்க அடிச்சோம் எங்க விட்டோம்னு தெரியலேன்னா மார்க்கர் பேனாவால முழுக்க பூசிட்டு அடிங்க, அடி விழுந்த இடம் மட்டும் பளிச்னு தெரியும். இதுக்கு அப்புறம் சிவக்க சூடு போடக்கூடாது, இந்த கடைசி இறுக்கம் தான் கிண்ணத்துக்கு பலம்.

தடமே தெரியக்கூடாதுன்னு அடம் பிடிக்கறது எனக்கு உடன்பாடில்ல, சீரா விழுந்த தடம் அழகு தான். தாறுமாறா விழுந்தது தான் கண்ணை உறுத்தும்.

கேள்வி: கைப்பிடி ஒட்டணும். ஏசி மெக்கானிக் உபயோகிக்கிற செம்பு பாஸ்பரஸ் குச்சி போதுமா?

செம்போட செம்பை ஒட்ட தாராளமா போதும், வெங்காரம் மாதிரி பிளக்ஸே (ஒட்டற இடம் கருக்காம பத்தாசு ஓட உதவற பொருள்) வேணாம், குச்சியில இருக்கிற பாஸ்பரஸே அந்த வேலையை பண்ணிடும். பித்தளை வந்துட்டா பிளக்ஸ் கண்டிப்பா வேணும். இரும்போட ஒட்ட மட்டும் அந்த குச்சியை எடுக்காதீங்க, ஒட்டின மாதிரி இருந்து ஒரு நாள் கழண்டுடும். பித்தளைக்கு வெள்ளி பத்தாசு தான் நல்லது, 650 டிகிரியை ஒட்டி உருகற ரகம் பாருங்க, காட்மியம் இல்லாததுன்னு கேட்டு வாங்குங்க, காட்மியம் புகை உயிருக்கே ஆபத்து. பத்தாசை ஜுவாலையால உருக்காதீங்க, சாமானை சூடாக்குங்க, அந்த சூட்டுல பத்தாசு தானா சந்துக்குள்ள ஓடும். இந்த சூட்டுல அந்த பக்கம் மெதுவாகிடும்ங்கிறதால ஒட்டற வேலையை முடிச்சுட்டு கடைசி மெருகு அடி அடிக்கிற மாதிரி வரிசையை வெச்சுக்கோங்க.

கேள்வி: நான் பண்ணின செம்பு கிண்ணத்துல சாப்பிடற பொருள் வைக்கலாமா?

புளிப்பு உள்ள எதையும் வெறும் செம்புல வைக்கக்கூடாது, செம்பு கரைஞ்சு இறங்கும், வயித்தை புரட்டும். உள்ள வெள்ளீயம் பூசிட்டா பயமில்ல. ஆனா வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகும், வெறுமனே அடுப்புல காய விட்டா பூச்சு ஓடிடும். காரீயம் கலந்த பத்தாசால ஒட்டின சாமானை அலங்காரத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க.

கேள்வி: பக்கத்து வீட்டுல சத்தம்னு சண்டைக்கு வர்றாங்க. என் காதும் ராத்திரி முழுக்க ரீங்காரம் போடுது.

முதல்ல உங்க காது. தினம் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல கேட்டாலே காதுக்கு ஆபத்துன்னு கணக்கு, இரும்பு மேல தகடு அடிக்கிற சத்தம் அதை சுலபமா தாண்டும். காதடைப்பான் இல்லாம ஒரு அடி கூட வேணாம், ரீங்காரம் அடங்கலேன்னா டாக்டரை பாருங்க, போன காது திரும்ப வராது. பக்கத்து வீட்டுக்கு, ஸ்டேக் நிக்கற கட்டைக்கு அடியில கனமான ரப்பர் பாய் போடுங்க, கட்டையை சுவரை ஒட்டி வைக்காதீங்க, இரும்பு உருண்டையை சுத்தி ஒரு பழைய சைக்கிள் டியூப்பை இறுக்கி கட்டினா ணங்காரம் குறையும். குழி தட்டற வேலையை மணல் பை மேல மாத்திக்கோங்க, அதுல சத்தமே பாதி தான்.

கேள்வி: குரு இல்லாம இதை கத்துக்க முடியுமா? வயசு 50 தாண்டிடுச்சு.

குழி தட்டறது, சூடு போடறது, மெருகடி மூணும் தனியாவே வந்துடும். எழுப்பறதுக்கு மட்டும் தெரிஞ்சவங்க பக்கத்துல ஒரு நாளாவது உக்காந்து பாருங்க, சந்து மேல அடி எங்க விழணும்ங்கிறதை எழுத்துல படிக்கிறதை விட ஒருத்தர் உங்க மணிக்கட்டை பிடிச்சு காட்டினா சீக்கிரம் புரியும். வயசுக்கு ஒண்ணும் இல்ல, கனமான சுத்தியல் எடுக்காதீங்க, 300 கிராம் சுத்தியலால நிறைய அடி அடிக்கிறது 800 கிராம் சுத்தியலால கொஞ்சம் அடிக்கிறதை விட தோளுக்கும் நல்லது, தகட்டுக்கும் நல்லது. கட்டையோட உயரம் உங்க முழங்கை மட்டத்துக்கு கொஞ்சம் கீழ இருக்கட்டும், குனிஞ்சு அடிச்சா முதுகு தான் முதல்ல புகார் கொடுக்கும்.